சீனத்துப் பட்டாம்பூச்சி: கானாடுகாத்தான் வீட்டில் கிடைத்த ஒரு சட்டம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டைக் கல்யாணத்துக்காக ஒழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மாடி அறையில் ஒரு தேக்கு பீரோ. அதன் அடித்தட்டில், பழைய பட்டுச்சேலைகளுக்கு நடுவே, கண்ணாடி போட்ட ஒரு சின்னச் சட்டம் கிடைத்தது. ஒரு சாண் அகலம் இருக்கும். உள்ளே இறக்கை விரித்தபடி ஒரு பூச்சி. கறுப்புத் தரையில் பச்சைக் கோடுகள், பின் இறக்கையில் அடுப்புத் தணல் மாதிரி ஒரு சிவப்பு.

வீட்டுக்கார ஆச்சிக்கு அது புதிதில்லை. சின்ன வயதில் பட்டாலை என்கிற கூடத்தின் சுவரில் தொங்கியதை நன்றாக நினைவு வைத்திருக்கிறார். சட்டத்தின் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில், கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில், ‘சீனத்து வண்ணாத்திப்பூச்சி. பினாங்கு. பிரமாதி வருஷம் கார்த்திகை’ என்று எழுதியிருந்தது. பிரமாதி என்றால் 1939–40. கார்த்திகை ஆகையால் 1939ஆம் வருஷக் கடைசி. ஜப்பான்காரன் பினாங்குக்குள் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம்.

“எங்க அப்பச்சி கொண்டாந்தாக. சீனாவுல பறக்குற பட்டாம்பூச்சின்னு சொல்லுவாக,” என்றார் ஆச்சி. அப்பச்சி என்றால் அங்கே அப்பா.

இந்த ஒரு வரியில் இரண்டு தகவல் இருக்கிறது: அது சீனாவுடையது, அது பட்டாம்பூச்சி. இரண்டும் தப்பு. ஆனால் முதல் நாள் நான் சொன்னதும் தப்புதான் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பஸ்ஸில் வந்த படம்

ஆச்சியின் பேரன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியபோது நான் பஸ்ஸில் இருந்தேன். பெரிய பூச்சி, பின் இறக்கையில் வால், பச்சை மினுமினுப்பு, கூடவே பினாங்கு என்ற ஊர்ப் பெயர். மலேயாக் காட்டில் பச்சையாக மினுங்கும் வால் பட்டாம்பூச்சி உண்டு என்பது தெரியும். கை தானாகவே அடித்துவிட்டது: ‘பப்பிலியோ பேரினம். ஸ்வாலோடெயில் வகை. மலேயாவாக இருக்கும்.’ கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் சொன்னால் யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? பேரன் உடனே கட்டைவிரல் படம் போட்டுவிட்டான்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உணர்கொம்பு உறுத்தியது. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்து, தீக்குச்சித் தலை மாதிரி முடியும். இதில் ஒன்று பாதியில் உடைந்திருந்தது. முழுசாக இருந்த இன்னொன்று தையல் நூல் மாதிரி ஓடி, நுனியில் எந்தக் குமிழும் இல்லாமல் நின்றது. படம் தெளிவில்லையோ என்று வேறு படம் கேட்டேன். அதிலும் அப்படியே. ‘நான் சொன்னதை யாரிடமும் சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன்’ என்று பேரனுக்கு ஒரு செய்தி போட்டேன். அதற்குள் அவன் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டிருந்தான்.

முற்றத்து வெயிலில்

நகை ஆசாரி ஒருவரிடம் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். சட்டத்தைத் திறக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எண்பது வருஷம் காய்ந்த பூச்சி. மூச்சுக்காற்று பட்டாலே கால் உதிரும். வளவுக்கு நடுவில் வெயில் நேராக விழும் இடத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் சட்டத்தை வைத்தோம்.

கண்ணாடிமேல் ஸ்கேல் வைத்து அளந்ததில் இறக்கை விரிப்பு எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உணர்கொம்பில் சந்தேகமே இல்லை, நூல்தான். அப்புறம் நிறம். ஆச்சியின் தம்பி ஒருத்தர், “இது சாயம் பூசினதா இருக்கும். சீனாக்காரன் எதைத்தான் பூசமாட்டான்?” என்றார். நியாயமான சந்தேகம். சட்டத்தை மெல்லச் சாய்த்துக் காட்டினேன். பச்சையாக இருந்த கோடு நீலத்துக்கு நகர்ந்தது, சிவப்புத் தணல் பொன்னாகி, பிறகு ஊதாப் பக்கம் போனது. பூசின சாயம் எந்தக் கோணத்திலும் ஒரே சாயம்தான். இது மழை நாளில் பஸ் ஸ்டாண்டுத் தண்ணீரில் டீசல் சிந்தினால் தெரியுமே, அந்தக் கணக்கு. மினுங்கும் இடங்களில் நிறமி கிடையாது. செதிலுக்குள் மெல்லிய அடுக்குகள், நடுநடுவே காற்று. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து நிறமாகிறது. அதனால்தான் பக்கத்தில் இருந்த பட்டுச்சேலை வெளுத்தும் இது வெளுக்கவில்லை.

லென்ஸில் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. செதில்கள் தட்டையாக இல்லை. வீட்டுக் கூரையில் நாட்டு ஓடு வேய்ந்தமாதிரி, ஒவ்வொன்றும் முதுகு வளைந்து, வரிசை வரிசையாகக் கிடந்தது. அந்த வளைவுக்கு வேலை இருக்கிறது. ஓட்டின் மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு நிறம். சரிவில் பட்டு, பக்கத்து ஓட்டில் மோதி, இரண்டு தடவை திரும்பி வரும் ஒளி வேறு நிறம். நம் கண்ணுக்கு வந்து சேர்வது இரண்டின் கலவை. ஜப்பானிய இயற்பியலாளர்கள் இந்தப் பூச்சியின் இறக்கையை வைத்துத்தான் இதை விளக்கிக் காட்டினார்கள். ஆச்சி லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “நம்ம ஓட்டுக்கூரையேதான் தம்பி, மொட்டை மாடியில இருந்து பார்த்தா இப்படித்தான் இருக்கும்,” என்றார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. இடது பின் இறக்கையில் இருந்த கறும்புள்ளிகளும் வலது பக்கத்துப் புள்ளிகளும் ஒத்துப்போகவில்லை. இடதில் தனித்தனியாக நிற்கும் இரண்டு புள்ளி, வலதில் ஒட்டிக்கொண்டு ஒன்றாக இருந்தது. “இரண்டு பூச்சியை வெட்டி ஒட்டியிருக்கானுக. அப்பச்சியை ஏமாத்திட்டானுக,” என்று அவர் சின்ன வயதிலிருந்தே நம்பிவந்திருக்கிறார். எனக்கோ அதைப் பார்த்ததும் சந்தோஷம். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தமாதிரி இருப்பதுதான் பெரும்பாலான பட்டாம்பூச்சிகளின் வழக்கம். இடதும் வலதும் இப்படி ஒத்துவராமல் இருப்பது, நான் சந்தேகப்பட ஆரம்பித்திருந்த ஒரு இனத்தில் அடிக்கடி காணப்படுவது.

பார்க்க முடியாமல் போனது ஒன்று உண்டு. வயிற்றுப் பகுதியைப் பூச்சி அரித்திருந்தது. காய்ந்த பூச்சிகளையே தின்னும் ஒரு சின்ன வண்டு, எப்போதோ உள்ளே புகுந்து, தூளாக்கிவிட்டுப் போயிருக்கிறது. பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்ததால் மிச்சம் தப்பியது. அந்த வயிறு இருந்திருந்தால் இது எந்தக் குடும்பத்துப் பூச்சி என்று அங்கேயே நிரூபித்திருக்கலாம். அது ஏன் என்று பின்னால் வருகிறது.

அந்துருண்டை காப்பாற்றிய அந்து

இங்கே ஒரு சொல் தகராறு. தமிழில் இந்தப் பூச்சிக்குச் சரியான பேர் எது? வண்ணத்துப்பூச்சி, பட்டாம்பூச்சி என்பவை பகலில் பறக்கும் அழகானவற்றுக்கு. விளக்கில் வந்து விழுவது விட்டில். நெல் குதிரில் உண்டாகும் சின்னச் சாம்பல் பூச்சி அந்து. அதைத் துணியிலிருந்து விரட்டப் போடுவது அந்துருண்டை. பாடப்புத்தகம் இந்த அந்துவை எடுத்துப் பெரிதாக்கி, உலகத்திலுள்ள இந்த வகைக்கெல்லாம் ‘அந்துப்பூச்சி’ என்று வைத்துவிட்டது. வகுப்பில் முப்பது வருஷம் அந்தச் சொல்லைத்தான் நானும் சொன்னேன். ஆனால் வானவில்லைப் பிழிந்து பூசினமாதிரி இருக்கும் ஒன்றைக் காட்டி ‘இது அந்து’ என்றால் செட்டிநாட்டில் ஒரு வீட்டிலும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டு அடையாளங்கள் எல்லாம் இந்தப் பூச்சியிடம் தோற்றுப்போகின்றன. பகலில் பறப்பது பட்டாம்பூச்சி என்பார்கள். இது பகலில் பறக்கும். பளபளப்பானது பட்டாம்பூச்சி, இதைவிடப் பளபளப்பு எங்கே? உட்காரும்போது இறக்கையை முதுகுக்கு மேல் நிமிர்த்துவது பட்டாம்பூச்சி. இதுவும் அப்படிச் செய்யும். சரி, முன் இறக்கையையும் பின் இறக்கையையும் கோக்கும் மயிர்க்கொக்கி இருந்தால் அந்து என்று கொஞ்சம் படித்தவர்கள் சொல்வார்கள். இந்த வகையில் அந்தக் கொக்கியும் அற்றுப்போய்விட்டது. கடைசியில் கையில் மிஞ்சுவது குமிழ் இல்லாத அந்த நூல் உணர்கொம்பு மட்டும்.

உண்மையில் பட்டாம்பூச்சி ஒரு பக்கம், அந்து ஒரு பக்கம் என்று இயற்கை சுவர் எழுப்பவில்லை. செதில் இறக்கைப் பூச்சிகள் சுமார் 1,60,000 இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. அதில் பட்டாம்பூச்சிகள் 18,000 சொச்சம். அந்துக்களின் பெரிய மரத்தில் அவை ஒரு கிளை, அவ்வளவுதான். எல்லாக் கிளைகளும் அந்து. ஒரு கிளைக்கு மட்டும் நாம் வேறு பேர் வைத்துக் கொஞ்சுகிறோம்.

யார் யார்மேல் சந்தேகம்

நூல் உணர்கொம்பு, பகல் பறப்பு, உலோக மினுமினுப்பு, வால் வைத்த பின் இறக்கை. இவை நான்கும் சேரும் குடும்பம் யுரானியிடே. உலகம் முழுக்கச் சுமார் 700 இனம். அதில் பெரும்பாலானவை சின்னதாக, வெளுப்பாக, யாரும் திரும்பிப் பார்க்காதவை. எங்கள் வீட்டு வாசல் விளக்கடியில் மழைக்காலத்தில் ஒன்று வந்து உட்காரும்: பாலாடை வெள்ளை, அதன்மேல் பென்சிலால் கோடு போட்டமாதிரி மெல்லிய சாம்பல் வரிகள், பின் இறக்கையில் ஒரு குட்டி வால், வாலடியில் ஒரு கறும்புள்ளி. மைக்ரோனியா அக்யுலியேட்டா என்று பேர். கானாடுகாத்தான் சட்டத்தில் இருப்பதற்கு அது சித்தப்பன் வீட்டுப் பிள்ளை முறை. ஜாடை கொஞ்சமும் கிடையாது.

பளபளப்பாகப் பகலில் பறப்பவை அந்தக் குடும்பத்தில் மூன்று பேரினத்தில் இருக்கின்றன. பேரினம் என்பது நெருங்கிய இனங்களைச் சேர்த்த கூட்டம். அமெரிக்க வெப்பக்காடுகளிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் யுரானியா. நியூகினி, வட ஆஸ்திரேலியாப் பக்கம் அல்சிடிஸ். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலும் மடகாஸ்கரிலும் கிரைசிரிடியா.

பினாங்கு என்ற ஊர்ப் பேரை நம்பினால் அல்சிடிஸ்தான் கிட்டத்தில் வருகிறது. ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பேருக்காகப் பூச்சியை வளைக்கப் பார்த்தேன் என்பதுதான் நிஜம். பின் இறக்கையின் அந்தத் தணல் சிவப்பும் அதன்மேல் இறைந்த கறும்புள்ளியும் அல்சிடிஸில் இல்லை. யுரானியா லெய்லஸ் என்ற தென்னமெரிக்க இனம் கறுப்பும் பச்சையுமாக முன் இறக்கையில் நன்றாகவே ஏமாற்றும். பின் இறக்கையில் அதற்கு நீண்ட வெளுத்த வால் உண்டு, சிவப்புப் பரப்பு கிடையாது. கிரைசிரிடியாவில் இரண்டே இனம். கிழக்கு ஆப்பிரிக்காவின் க்ரோயிஸஸ், மடகாஸ்கரின் ரிஃபியஸ். க்ரோயிஸஸின் படங்களை வைத்துப் பார்த்ததில் பின் இறக்கையின் வண்ணப் பரப்பும் விளிம்பும் ஒத்துவரவில்லை. ரிஃபியஸோடு வைத்தபோது விரிப்பு (அதற்கு ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர்), தணல், புள்ளி, வெள்ளைக் குஞ்சம் வைத்த விளிம்பு, பக்கத்துக்குப் பக்கம் மாறும் புள்ளி எல்லாம் வந்து உட்கார்ந்தன. பின் இறக்கையில் பல வால்கள் இருக்கவேண்டும். அவை எளிதில் உதிர்பவை. நம் சட்டத்தில் வலப்பக்கம் மூன்று மிச்சம், இடப்பக்கம் ஒன்றரை.

வயிறு இருந்திருந்தால் என்றேனே, அது இதுதான். யுரானியிடே குடும்பத்துப் பூச்சிகளுக்குக் காது வயிற்றில் இருக்கிறது. அதிலும் ஆணுக்கு ஒரு இடம், பெண்ணுக்கு ஒரு இடம். பெண்ணுக்கு வயிற்றின் அடிப்பக்கத் தொடக்கத்திலேயே. ஆணுக்கு அதைத் தாண்டி, இரண்டாம் வளையமும் மூன்றாம் வளையமும் சேரும் பக்கவாட்டில். ஆணுக்கும் பெண்ணுக்கும் காது வேறு வேறு இடத்தில் இருப்பதை வைத்தே இந்த 700 பேரையும் ஒரே குடும்பம் என்று கட்டுகிறார்கள். பளபளப்பும் வாலும் ஏமாற்றலாம். காது ஏமாற்றாது. நம்மிடம் காது இருந்த இடத்தில் தூள்தான் இருக்கிறது. ஆகவே சட்டத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்பதைச் சொல்ல நான் முயலவில்லை.

வெள்ளி வியாபாரி செய்த அதே தப்பு

இந்தப் பூச்சிக்கு முதலில் பேர் வைத்தவர் ட்ரூ ட்ரூரி. லண்டனில் வெள்ளிச் சாமான் செய்து விற்றவர். கிடைத்த காசையெல்லாம் பூச்சியில் போட்டவர். மாலுமிகள், கப்பல் தலைவர்கள், வைத்தியர்கள் என்று கடல் கடந்து போகும் யாரைப் பிடித்தாலும் பூச்சி கொண்டுவரச் சொல்வார். ஹாம்பர்க் கப்பல் தலைவர் ஒருவர் மூலம் இது அவர் கைக்கு வந்தது. எங்கிருந்து என்றதற்குக் கிடைத்த பதில்: சீனா, அல்லது வங்காளம். மோசஸ் ஹாரிஸ் வரைந்த வண்ணப்படங்களோடு வந்த ட்ரூரியின் நூலில் 1773இல் இது பப்பிலியோ ரிஃபியஸ் ஆயிற்று. பப்பிலியோ என்றால் பட்டாம்பூச்சி. ஆக, சீனா, பட்டாம்பூச்சி என்ற இரண்டு தப்பும் லண்டனிலேயே நடந்து முடிந்திருக்கிறது. நம் கணக்குப்பிள்ளை 166 வருஷம் கழித்து அதையே எழுதினார்.

இதற்காக ட்ரூரியைச் சிரிக்க வேண்டியதில்லை. உயிர்களுக்குப் பேர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் செதில் இறக்கைகளை மொத்தமே மூன்று கூடையில் போட்டிருந்தார்: பட்டாம்பூச்சிகளுக்கு பப்பிலியோ, பருந்து அந்துக்களுக்கு ஸ்ஃபிங்ஸ், மற்ற அந்துக்களுக்கு ஃபலீனா. வால் வைத்த, பெரிய, அழகான பூச்சி எது வந்தாலும் முதல் கூடைதான். தென்னமெரிக்க லெய்லஸையும் அவரே பப்பிலியோ என்றுதான் எழுதினார். கிழக்கத்தியத் தீவுகளின் பட்ரோக்ளஸ் என்ற பழுப்புப் பூச்சியையும் அதிலேயே போட்டார். அது ராத்திரியில் பறப்பது. ஒரே குடும்பத்து மூன்று பேர், மூன்று பேருமே வேறு வீட்டுப் பட்டியலில்.

ஊர் விஷயம் இன்னும் சுலபமாகப் புரியும். கப்பல் கல்கத்தாவில் நின்றது, சீனத்துக் கான்டனில் நின்றது, நடுவில் மடகாஸ்கர் கரையில் தண்ணீர் பிடிக்க நின்றது என்று வையுங்கள். பெட்டியில் இருக்கும் பூச்சிக்கு ஊர்ப் பேர் கேட்டால் மாலுமி எதைச் சொல்வான்? பெரிய ஊர்ப் பேரைச் சொல்வான். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது தெரியாததில்லை. இங்கே ரசம் பூசின எந்தப் பழைய கண்ணாடியும் பெல்ஜியம்தான். எல்லாம் பெல்ஜியமா என்று யார் பார்த்தார்கள்?

1823இல் ஜெர்மனியின் யாக்கோப் ஹூப்னர் இதைப் பட்டாம்பூச்சியிலிருந்து பிரித்தெடுத்து அந்துக்களோடு சேர்த்து, கிரைசிரிடியா என்று புதுப் பேரினம் வைத்தார். அதிலிருந்துதான் இன்றைய பெயர் வருகிறது: கிரைசிரிடியா ரிஃபியஸ் (ட்ரூரி, 1773). அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. இனத்துக்கு முதலில் பேர் வைத்தவர் அதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்று அதற்கு அர்த்தம். ட்ரூரியின் தப்பை அழிக்காமல், அடைப்புக்குறி போட்டு நிரந்தரமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

1831இல் பிரெஞ்சுக்காரர் லெஸ்ஸன் இதே பூச்சிக்கு மடகாஸ்கரியென்ஸிஸ் என்று ஊர்ப் பேரையே வைத்தார். ஊர் சரி. ஆனாலும் செல்லாது, ஏனென்றால் 58 வருஷம் முந்தியே ஒரு பேர் பதிவாகிவிட்டது, முந்தினவருக்கே உரிமை. எனக்கு அந்த விதியில் எப்போதும் கொஞ்சம் வருத்தம் உண்டு. பத்திரப் பதிவு மாதிரிதான், எவ்வளவு நியாயம் இருந்தாலும் பிந்தின பத்திரம் நிற்காது. லெஸ்ஸன் வைத்தது இன்று ஒத்தபெயர்ப் பட்டியலில் ஒரு வரி.

அது வாழும் இடம்

மடகாஸ்கரைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக இல்லை. காரணம் சாப்பாடு. புழு தின்பது ஓம்ஃபாலியா என்ற செடியினத்தை மட்டும். நம் ஆமணக்கும் மரவள்ளியும் சேர்ந்த குடும்பம்தான் அதுவும், பாலில் விஷம். பெண் பூச்சி ஒரு தடவைக்கு 80 முட்டை வரை இலையடியில் இடும். சின்னப் புழு பால் வழியாதபடி நரம்புகளுக்கு நடுவில் கடித்துத் தின்னும். வளர்ந்ததும் பயம் போய், இலை, பூ, காய், தண்டு ஒன்றையும் விடாது. மேலே கறுப்பு மயிர் நுனி தடித்து நிற்கும். மழையில் வழுக்கி விழுந்தால் வாயிலிருந்து நூல் விட்டு, அந்த மயிர்களின் உதவியோடு மறுபடியும் இலையைப் பிடித்துக்கொள்ளும். தின்ற விஷம் உடம்பில் தங்கிப் பூச்சியான பிறகும் இருக்கிறது. அந்த மினுமினுப்பு பறவைக்குச் சொல்லும் செய்தி: கசப்பேன், விட்டுவிடு.

மடகாஸ்கரின் மேற்கே இலையுதிர் காட்டில் மூன்று வகை ஓம்ஃபாலியா, கிழக்கே மழைக்காட்டில் ஒரு வகை. புழுக்கள் ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாகத் தின்றால் செடி சும்மா இருப்பதில்லை, விஷத்தைக் கூட்டிவிடுகிறது. அப்போது பூச்சிகள் கூட்டம் கூட்டமாகத் தீவைக் குறுக்கே கடந்து அடுத்த பக்கம் போகின்றன. மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை எண்ணிக்கை அதிகம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறைவு.

இந்தச் சாப்பாடு வகைப்பாட்டுக்கும் சாட்சி. அமெரிக்க யுரானியாவின் புழுவும் ஓம்ஃபாலியாவைத்தான் தின்கிறது. நடுவில் ஒரு பெருங்கடல். ஆனாலும் அடுப்படி ஒன்று. ஜமைக்காத் தீவில் யுரானியா ஸ்லோனஸ் என்று ஒன்று இருந்தது. கறுப்பில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக, நம் சட்டத்துப் பூச்சிக்கு நெருங்கிய அழகு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது அற்றே போனது. ஒரே தீவு, ஒரே வகைச் செடி என்று இருப்பவர்களுக்கு உள்ள ஆபத்து அது.

அப்பச்சி பினாங்கில் பார்த்தது

அப்படியானால் பினாங்கு பொய்யா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். சீட்டில் ‘பினாங்கு’ என்று இருப்பதை, வாங்கிய இடம் என்று படித்தால் எந்தச் சிக்கலும் இல்லை. துறைமுக ஊரில் கண்ணாடிச் சட்டத்தில் பூச்சி விற்பது சகஜம். விற்றவர் சீனராக இருந்திருக்கலாம். சீனத்துப் பூச்சி ஆனது அப்படியும் இருக்கலாம். அது என் ஊகம், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஆனால் பேச்சுவாக்கில் ஆச்சி ஒன்று சொன்னார். கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கடையில், ராத்திரி விளக்கு வைத்ததும் கையகலப் பழுப்புப் பூச்சி வந்து சுவரில் ஒட்டும், விடிந்தாலும் போகாது, அதைப் பேய்ப்பூச்சி என்பார்கள் என்று அப்பச்சி கதை சொல்வாராம். “வாலு உண்டா ஆச்சி?” என்று கேட்டேன். “ரெட்டை வாலு, வெள்ளையா இருக்குமாம்.”

எனக்குச் சிலிர்த்தது. அது லிஸ்ஸா ஸாம்பா. மலேயா, சிங்கப்பூர், சுமத்ரா எங்கும் உண்டு. விளக்குக்கு வரும். சில வருஷங்களில் திடீரென்று கூட்டமாகக் கிளம்பும்; 2014இல் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளிலும் ரயில் நிலையங்களிலும் வந்து உட்கார்ந்து ஊரையே பேச வைத்தது. அதுவும் யுரானியிடே குடும்பம்தான். கானாடுகாத்தான் சட்டத்தில் இருப்பதற்கு அண்ணன் தம்பி முறை. அதன் கதையும் இதே கதைதான்: பழைய மலேயா நூல்களில் அதை லின்னேயஸின் பட்ரோக்ளஸ் என்றே, நிக்டாலெமோன் பட்ரோக்ளஸ் என்று, எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பட்லர் 1869இல் ஸாம்பா என்று தனிப் பேர் கொடுத்தும் பழைய பேர் போக ரொம்ப நாள் ஆயிற்று. ஆக, அப்பச்சி ராத்திரியில் விரட்டியதும் பகலில் காசு கொடுத்து வாங்கியதும் ஒரே குடும்பம். இதை ஆச்சியிடம் சொன்னேன். “பேய்ப்பூச்சிக்கும் இதுக்கும் பங்காளி முறையா?” என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

சீட்டு எழுதியது

இதற்கு நடுவில் காரைக்குடியிலிருந்து பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து பார்த்தார். சட்டம் நல்ல தேக்கு, பழைய கண்ணாடி, 700 ரூபாய் தருகிறேன் என்றார். பூச்சியையும் பின்னால் இருக்கும் காகிதத்தையும் எடுத்துவிட்டுத் தந்தால் போதுமாம், அதில் சாமிப் படம் போட்டு விற்றுக்கொள்வாராம். அந்தக் காகிதம் போனால் பூச்சி வெறும் அலங்காரம். அது தப்புச் சீட்டுதான். ஆனால் வருஷம், மாதம், ஊர் மூன்றும் அதில்தான் இருக்கிறது. ஆச்சி விற்கவில்லை. என் விளக்கத்தால் என்று சொல்ல ஆசைதான். அப்பச்சி கொண்டுவந்தது என்பதால்தான்.

பழைய சீட்டை அப்படியே விட்டு, அதற்குக் கீழே புதிதாக ஒன்று ஒட்டுவது என்று முடிவாயிற்று. நான் சொல்ல, ஆச்சியே நோட்டுத் தாளைக் கிழித்து எழுதினார். கிரைசிரிடியா ரிஃபியஸ் வரைக்கும் முணுமுணுக்காமல் எழுதினார். ட்ரூரிக்கு எதற்கு பிராக்கெட் என்று கேட்டார், சொன்னேன். ‘பகலில் பறக்கும் அந்து’ என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

“அந்துன்னு எழுதி வீட்டுக்குள்ள மாட்டக்கூடாது தம்பி. நெல்லுக்கு ஆகாது. கல்யாண வீடு வேற.”

விட்டில் என்று போடலாமே என்றேன். விட்டில் விளக்கில் விழுந்து சாகும், அதுவும் வேண்டாம் என்றார். அறிவியல் தமிழில் வேறு சொல் என்னிடம் இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். பிறகு அவரே பேனாவைத் திறந்து எழுதினார். இப்போது பட்டாலையில் தொங்கும் சட்டத்தின் முதுகில், கணக்குப்பிள்ளைக் கையெழுத்துக்குக் கீழே, இப்படி இருக்கிறது:

‘கிரைசிரிடியா ரிஃபியஸ் (ட்ரூரி, 1773). மடகாஸ்கர் தீவு. பகலில் பறப்பது. பட்டாம்பூச்சி இல்லை. அப்பச்சி பினாங்கில் வாங்கியது.’